முதல் கேமிங் கணினி: பாகம் வாங்கும் முன் ஒரு கணக்கு



கடந்த மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்திற்கு இரண்டு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் நம் மஹல்லாப் பிள்ளை. மற்றவர் அவருடன் படிக்கும் ஸ்ரீரங்கத்து நண்பர். காவிரிப் பாலம் தாண்டி வண்டியில் வந்திருந்தார். கையில் ஒரு தாள், அதில் கேமிங் கணினிக்கான பாகங்களின் பட்டியல். மொத்தம் 60,000 ரூபாய். தந்தை சேர்த்துக் கொடுத்தது 45,000. மீதி 15,000 ரூபாயை அழகிய கடனாகத் தர இயலுமா என்று கேட்டார்.

விளையாட்டுக்கா கடன் என்று சிலர் கேட்கக்கூடும். அவரும் எதையும் மறைக்கவில்லை. "வீடியோ எடிட்டிங் கத்துக்கிறேன், அதுக்கும் வேணும், விளையாடவும் வேணும் மாமா" என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் பட்டியலைப் படித்ததும் நமக்கு ஒரு பழைய தவறு நினைவுக்கு வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவருக்கு இதே காரியத்திற்குக் கடன் கொடுத்தோம். ஜாமீன் யார் என்று விசாரித்தோமே தவிர, என்ன வாங்குகிறார் என்று பார்க்கவில்லை. கேபினெட்டுடன் சும்மா கிடைத்த பவர் சப்ளையையே அவர் பொருத்திவிட்டார். மே மாதத்தில் ஒரு மாலை கரண்ட் போய் வந்தது. கருகிய வாடை அடித்தது. மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் போயின. பில் இல்லாததால் வாரண்டியும் இல்லை. இல்லாத கணினிக்காக அந்தப் பிள்ளை பதினான்கு மாதம் தவணை கட்டி முடித்தார். அந்த இழப்பில் நமக்கும் பங்கு உண்டு. ஆகவேதான் இந்தப் பாடம்.

முதலில் திரை, பிறகு கார்டு

எல்லோரும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குகிறார்கள். திரையிலிருந்து தொடங்குவதே சரி. 1920க்கு 1080 என்ற சாதாரண முழு எச்.டி. திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. அத்தனை புள்ளிகளையும் நொடிக்கு அறுபது முறையோ அதற்கு மேலோ வரைந்து தருவதுதான் கார்டின் வேலை. வீட்டில் இருப்பது முழு எச்.டி. திரை என்றால் 4கே திரைக்கான கார்டை வாங்குவது வீண்விரயம். ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 ஜிபி கார்டே அதற்குப் போதும்.

ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்

பிராசஸரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட் வகையாக இருக்க வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600 ஏ.எம்.4 வகை. 2022இல் வந்த ஏ.எம்.5 போர்டில் அது உட்காராது. இன்டெல் ஐ3-12100எஃப், எல்.ஜி.ஏ. 1700 வகை. ரேமும் அப்படியே. ஏ.எம்.4க்கு டி.டி.ஆர்.4, ஏ.எம்.5க்கு டி.டி.ஆர்.5. எல்.ஜி.ஏ. 1700 போர்டுகள் இரண்டு விதமாகவும் வருகின்றன. எது என்று அட்டையைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டின் காடியும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பொருத்தினால் உடையும்.

இன்டெல் பிராசஸர் பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ரைசன் 5 5600ம் அப்படித்தான். 5600ஜி என்பதில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. கைவசம் பணம் குறைவு என்றால் இப்போது 5600ஜி வாங்கிச் சிறிய விளையாட்டுகளுடன் தொடங்கலாம், கார்டைப் பிறகு சேர்க்கலாம். கடன் வாங்காமல் தொடங்கும் வழி இது.

16 ஜிபி ரேம் வாங்கினால் ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழியாகத் தகவல் போய்வருவதால் வேகம் கூடும்.

உயிர்நாடி பவர் சப்ளை

கணக்கு எளிது. ரைசன் 5 5600க்கு 65 வாட். ஆர்.எக்ஸ். 6600க்கு 132 வாட். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு 60 வாட் வைத்துக்கொள்ளுங்கள். 257 ஆகிறது. திடீர் ஏற்றத்திற்கும் பிற்கால மாற்றத்திற்கும் இடம் விட்டு 550 வாட் வாங்கினால் நிம்மதி. '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதைத்தான் சொல்லும். தரத்திற்கு அது மட்டும் சான்று ஆகாது. பெயர் தெரிந்த நிறுவனமா, எத்தனை ஆண்டு வாரண்டி என்றும் பாருங்கள்.

அத்துடன் வீட்டுப் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் இருப்பதில்லை. யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 600 வி.ஏ. என்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்.

திருச்சி வெயிலுக்கு இன்னொன்று. முன்புறம் கண்ணாடி மூடிய கேபினெட்டை விட, காற்றுப் போகும் வலை வைத்ததே நமக்கு ஏற்றது. கலர் விளக்கு சூட்டைக் குறைக்காது.

பணத்தைப் பிரிப்பது

திரை, யு.பி.எஸ். நீங்கலாக, 100 ரூபாயில் கார்டுக்கு 35, பிராசஸர், போர்டு இரண்டுக்கும் 28, ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் 22, பவர் சப்ளைக்கு 9, கேபினெட்டுக்கு 6. இது வேதவாக்கு அல்ல. ரேம் விலை ஏறினால் சற்று மாறும். ஆனால் பவர் சப்ளையின் பங்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.

விலை கேட்கும்போது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். 60,000 என்று சொல்லிவிட்டு 18 சதவீதம் தனி என்றால் 70,800 ஆகிவிடும். திருச்சியில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கார்டு வாங்குவோர் கவனிக்க: 2022 செப்டம்பரில் எத்தீரியம் முறை மாறியதும், கிரிப்டோ நாணயத்திற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தையும் ஆராயுங்கள். பூஜ்ய சதவீத வட்டி என்பது உண்மையில் கிடையாது, அது வேறு கட்டணங்களுக்குள் மறைந்திருக்கிறது என்று 2013இலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. பெயர் மாறினாலும் வட்டி வட்டிதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு வேறு, பணம் கட்டி ஆடும் சூதாட்டம் வேறு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கணினியைக் கதவடைத்த அறையில் வைக்காமல் கூடத்தில் வையுங்கள். அதுவே பாதிக் கண்காணிப்பு.

அந்த இரு மாணவர்களும் நம் மேசையிலேயே அமர்ந்து பட்டியலைத் திருத்தினார்கள். பெரிய கார்டு போய் அளவான கார்டு வந்தது. விளக்குக் கேபினெட் போயிற்று. 2,000 ரூபாய் பவர் சப்ளைக்குப் பதில் நல்லது ஏறியது. மொத்தம் 53,000. கடன் 15,000 என்பது 8,000 ஆகக் குறைந்தது. நிர்வாகக் குழு ஒப்புதல் அளித்தது.

ஞாயிறன்று நம் அலுவலகத்தில் வைத்தே பாகங்களைப் பொருத்தினார்கள். முதலில் திரை கறுப்பாகவே இருந்தது. எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கார்டில் சொருகாமல் போர்டில் சொருகியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர், அன்று கணினியை இழந்த அந்த மாணவர். நாம் அழைத்ததும் மறுக்காமல் வந்திருந்தார். அவருக்கு வேண்டிய பாகங்களின் பட்டியலும் இப்போது நம் கோப்பில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்தில் அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இனி கணினிக்குக் கடன் கேட்டு வருவோர், விண்ணப்பத்துடன் பாகங்களின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். வாங்கிய பிறகு அல்ல, வாங்கும் முன்.