மூளையின் தூதன்

தேர்வுக்கு முதல்நாள் இரவு விளக்கின்முன் அமர்ந்து படிக்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் கண்கள் திறந்தே உள்ளன. ஏட்டின் எழுத்துகளும் தெளிவாகவே தெரிகின்றன. ஆயினும், ஒரு பக்கத்தைப் படித்து முடித்தபின் அதில் கூறப்பட்டது யாது என வினவினால், அவனால் விடை கூற இயலவில்லை. அவ்வேளையில் வாசலில் தந்தையின் காலடி ஓசை கேட்கிறது. உடனே அவன் நிமிர்ந்து அமர்கிறான். அதே விளக்கு, அதே ஏடு, அதே கண்கள். எனினும், இப்போது படிப்பது மனத்தில் பதிகிறது. இடையில் நிகழ்ந்த மாறுதல் கண்ணில் நிகழ்ந்ததன்று, ஏட்டில் நிகழ்ந்ததும் அன்று, மூளையினுள் நிகழ்ந்தது. அம்மாறுதலில் பெரும்பங்கு கொள்ளும் வேதிப்பொருள்களுள் ஒன்று அசெட்டைல்கோலின் என்பது. அதன் வரலாறு அறிந்து மகிழ்தற்குரியது.

பெருமூளையின் மேற்புறத்தைப் போர்வைபோல மூடியிருக்கும் பகுதிக்குப் புறணி என்று பெயர். அதன் தடிப்பு 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையே இருக்கும். அம்மெல்லிய போர்வையினுள் ஏறத்தாழ 1,600 கோடி நரம்புயிரணுக்கள் அடங்கியுள்ளன. காண்பதை இன்னதென அறிதல், கேட்டதை உணர்தல், மொழியைக் கையாளுதல், எண்ணுதல், நினைவுகூர்தல் ஆகிய உயர்ந்த செயல்களுக்கெல்லாம் புறணி இன்றியமையாதது. ஓர் உயிரணுவினுள் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. ஆனால், ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவோடு கூடுமிடத்தில் பெரும்பாலும் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறளவே இருக்கும் அவ்விடைவெளியைச் செய்தி எவ்வாறு கடக்கிறது? மின்சாரமே தாவிச் செல்கிறது என்றனர் சிலர். வேதிப்பொருள் ஒன்று சுமந்து செல்கிறது என்றனர் வேறு சிலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினா அறிஞரிடையே பெரும் வாதமாக இருந்தது.

இவ்வாதத்தில் வழிகாட்டியவர் ஆட்டோ லோவி என்பவர். ஜெர்மனியிலுள்ள பிராங்பர்ட் நகரில் 1873ஆம் ஆண்டு பிறந்த அவர், ஆஸ்திரியாவிலுள்ள கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். ஓர் இரவு உறக்கத்தின் நடுவே அரியதோர் ஆய்வுமுறை அவர் உள்ளத்தில் தோன்றியது. விழித்தெழுந்து அதனை ஒரு தாளில் கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் அத்தாளை எடுத்துப் பார்த்தபோது, தாம் எழுதியது தமக்கே விளங்கவில்லை! அன்று முழுவதும் அவர் அடைந்த வருத்தத்திற்கு அளவில்லை. மறுநாள் இரவு அவ்வெண்ணம் மீண்டும் தோன்றியது. இம்முறை அவர் தாளை நம்பவில்லை; அப்பொழுதே எழுந்து ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார்.

அவர் செய்த ஆய்வு மிக எளியது. இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து, உப்புநீரில் துடித்துக்கொண்டிருக்கச் செய்தார். முதல் இதயத்தோடு, துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு இணைந்திருந்தது. அந்நரம்பை மின்சாரத்தால் தூண்டியதும் இதயத்தின் துடிப்புத் தளர்ந்தது. பின்னர், முதல் இதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து இரண்டாம் இதயத்தில் செலுத்தினார். எந்நரம்பும் தூண்டப்படாத அவ்விரண்டாம் இதயமும் தளர்ந்து துடிக்கலாயிற்று! மின்சாரமே செய்தியைக் கடத்தியிருந்தால், வெறும் நீரால் இவ்விளைவு தோன்றியிராது. எனவே, நரம்பின் முனையிலிருந்து ஏதோ ஒரு பொருள் நீரில் கலந்திருத்தல் வேண்டும் என்பது உறுதியாயிற்று. இவ்வுண்மையை லோவி 1921இல் வெளியிட்டார். அப்பொருள் அசெட்டைல்கோலினே என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. அப்பொருளின் இயல்புகளை முன்னரே ஆராய்ந்திருந்த இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஹென்றி டேலும் லோவியும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

பரிசு பெற்ற இரண்டே ஆண்டுகளில் லோவிக்குப் பெருந்துன்பம் வந்தது. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினர். யூதர் என்பதனால் லோவி நள்ளிரவில் சிறைப்படுத்தப்பட்டார். உயிர் நிலைக்குமோ நிலைக்காதோ என்று அறியாத அந்நிலையிலும், தம் இறுதி ஆய்வின் முடிவு உலகிற்குத் தெரியாமல் அழிந்துவிடுமே என்பதே அவருடைய கவலையாக இருந்தது. காவலரிடம் ஓர் அஞ்சலட்டையும் எழுதுகோலும் கேட்டுப் பெற்று, அம்முடிவை எழுதி ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்பச் செய்தார். அதன்பின்னரே அவர் மனம் அமைதியுற்றது. நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளின் வசமிருந்த வங்கிக்கு மாற்றிக் கொடுத்தபின் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், இறுதியில் நியூயார்க் நகரில் குடியேறி, 1961இல் மறைந்தார்.

இதயத்தில் கண்டறியப்பட்ட இத்தூதனுக்கு மூளையிலும் வேலை உண்டா? ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். கண்மூடி ஓய்ந்திருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ பத்து என்னும் அளவில் அலைகள் ஒழுங்காக எழும்; கண் திறந்து கவனிக்கத் தொடங்கியதும் அவை மறைந்து, சிறியனவும் விரைந்தனவுமான அலைகள் தோன்றும். ஆழ்ந்த உறக்கத்திலோ பெரிய அலைகள் மெல்ல எழுந்து விழும். மூளைத்தண்டின் உட்பகுதி ஒன்றைத் தூண்டினால் புறணியின் உறக்க அலைகள் விழிப்பு அலைகளாக மாறுகின்றன என்பதை மொருசி, மகௌன் என்னும் இருவர் 1949இல் காட்டினர். பின்னர், புறணியின் மேற்பரப்பிலிருந்து அசெட்டைல்கோலின் வெளிப்படுவதை 1953இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர். விழிப்பில் அது மிகுதியாகவும் ஆழ்ந்த உறக்கத்தில் குறைவாகவும் வெளிப்படுகிறது என்பது 1966இல் பூனைகளிடம் நடத்திய ஆய்வால் தெரிந்தது. கனவு காணும் உறக்கநிலையிலும் அது மிகுகிறது என்பது வியப்புக்குரியது.

புறணிக்கு இத்தூதனைப் பெரும்பாலும் அனுப்புவது, மூளையின் முன் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்புயிரணுக் கூட்டமாகும். மைனெர்ட் என்னும் வியன்னா அறிஞர் பெயரால் அது வழங்கப்படுகிறது. அதன் இழைகள் புறணி எங்கும் கிளைத்துப் பரவியுள்ளன. அவ்விழைகளின் முனையில் வெளிப்படும் அசெட்டைல்கோலின், புறணியின் உயிரணுக்களில் உள்ள ஏற்பிகளிற் சென்று பொருந்துகிறது. இயல்பாக அவ்வுயிரணுக்களில், பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் சில, எழும் துடிப்பைத் தணித்துக்கொண்டே இருக்கும். தூதன் வந்ததும் அவ்வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அதனால் உயிரணு சிறு தூண்டலுக்கும் எளிதில் விடையளிக்கும் நிலையை அடைகிறது.

ஊர்மன்றம் ஒன்றை இதற்கு உவமையாகக் கூறலாம். மக்கள் தமக்குள் பேசிக்கொண்டிருக்கின்றனர். முறையிட வந்தவன் குரல் எவர் செவியிலும் ஏறவில்லை. அமைதி வேண்டி ஒருவர் கையுயர்த்தியதும் பேச்சு அடங்குகிறது. முறையீடு தெளிவாகக் கேட்கிறது. கையுயர்த்தியவர் எச்செய்தியையும் கூறவில்லை. செய்தி கேட்கப்படுவதற்கு வழிசெய்தார். அசெட்டைல்கோலினும் அத்தகையதே. புறணியின் உள்ளே சுழலும் பேச்சைத் தணித்து, கண்ணும் செவியும் கொணரும் புதுச்செய்திக்கு அது வலுவூட்டுகிறது. வேலை முடிந்ததும், ஒரு நொதி அதனை நொடிப்பொழுதில் சிதைத்துவிடுகிறது. இப்பணியில் அது தனித்து நிற்பதில்லை; நாரட்ரினலின், செரட்டோனின் முதலிய வேறு தூதர்களும் துணைபுரிகின்றனர்.

இதயத்தைத் தளர்த்துவதும் அதுவே; புறணியை எழுப்புவதும் அதுவே. ஒரே தூதன் ஈரிடத்தில் இருவேறு விளைவுகளை உண்டாக்குவது ஏன்? செய்தியின் பொருள் தூதனிடம் மட்டும் இல்லை. அதனை ஏற்கும் உயிரணுவின் இயல்பிலும் உள்ளது. தூதனைத் தடுத்தால் நேர்வது யாதென்பதற்கு ஊமத்தை சான்றாகும். அதன் நஞ்சு இவ்வேற்பிகளை அடைத்துவிடுவதால், அதனை உண்டவர் இதயம் படபடக்கும். அறிவோ கலங்கிப் பிதற்றத் தொடங்குவர்.

தூதனை அனுப்பும் உயிரணுக்களே அழிந்தால் துன்பம் நீடித்ததாகும். அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் 1906இல் விளக்கிய மறதிநோயில், புறணியின் உயிரணுக்களோடு மைனெர்ட் கூட்டத்தின் உயிரணுக்களும் பெருமளவு அழிந்துபோவதை 1982இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். பெற்ற மகளின் பெயரையும் வாழ்ந்த வீட்டின் வழியையும் மறக்கச் செய்யும் கொடிய நோய் அது. தூதனைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, எஞ்சிய தூதனை நெடுநேரம் நிலைக்கச் செய்யும் மருந்துகள் உள்ளன. அவை சிலருக்குச் சில காலம் நினைவுக்குத் துணைசெய்கின்றன. ஆனால், அழிந்த உயிரணுக்களை மீட்பதில்லை.

தவளையின் இதயத்தைச் சூழ்ந்த சிறிது நீரில் தொடங்கிய ஆராய்ச்சி, முதியோரின் மறதிக்கு மருந்து தேடும் முயற்சிவரை வளர்ந்துள்ளது. சிறைக்குள்ளிருந்து ஓர் அறிஞர் எழுதிய அஞ்சலட்டையும் அவ்வழியில் ஒரு படியே. தம் துன்பத்தினும் உண்மையைப் பெரிதெனப் போற்றுவோர் உள்ளவரை அறிவின் வழி அடைபடுவதில்லை.

பயிற்சி

1. நரம்பின் செய்தியை வேதிப்பொருள் சுமக்கிறது என்பதை லோவி எவ்வாறு மெய்ப்பித்தார்?
2. ஊர்மன்ற உவமையைப் புறணியின் செயலோடு பொருத்தி விளக்குக.
3. ஒரே தூதன் இருவேறு விளைவுகளை உண்டாக்குவதன் காரணம் யாது?
4. சிறையில் லோவி நடந்துகொண்ட முறையால் அறியப்படும் பண்பு யாது?