காட்டுச் சூரியகாந்தியை உரமாக்குவோம்

ரோட்டோரம், ஆற்றங்கரை, கைவிட்ட தேயிலை மலை எங்கும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தி நம்ம நாட்டுச் செடி அல்ல. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கமிருந்து 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவந்தது. இப்போது மற்றச் செடிகளை எழும்ப விடாமல் அமுக்குகிறது.

அதற்காக வெட்டியதைக் குவித்து எரிப்பது வீண். காய்ந்த இலை 100 கிலோவில் சுமார் 3½ கிலோ நைதரசனும் 4 கிலோ பொட்டாசியமும் உண்டு. நைதரசனை மட்டும் பார்த்தால் ஏழரைக் கிலோ யூரியாவுக்குச் சமம். (பச்சையாக என்றால் நாலைந்து மடங்கு சுமக்கணும், அது வேறு விஷயம்!) 2021இல் ரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு நாம் பட்ட பாடு மறந்திருக்காது. அப்போதும் இந்தச் செடி லயத்துக்குப் பின்னால் சும்மாதான் நின்றது.

பூக்கும் முன்னே வெட்டுங்கள். இலையையும் இளந்தண்டையும் மாத்திரம் நறுக்கி, போஞ்சியோ கோவாவோ நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன் பாத்தி மண்ணோடு கலந்து விடுங்கள். இலை சீக்கிரம் மக்கும். பீப்பாயில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, இரண்டு கிழமை கழித்துத் தண்ணீர் கலந்து வேரடியில் ஊற்றவும் செய்யலாம். வாடை குடலைப் பிடுங்கும். நுளம்பு முட்டையிடாமல் பீப்பாயை இறுக மூடி வையுங்கள்.

கவனம் ஒன்று. முற்றிய தண்டை ஈர மண்ணில் எறிந்தால் வேர்விட்டு முளைக்கும். கல்லின் மேல் நன்றாகக் காயவைத்து அடுப்புக்கு எடுங்கள். விதை பிடித்த பூவை எருக்குழியில் போடாதீர்கள். உரம் கிடைக்குதே என்று யாரும் புதிதாக நடவும் வேண்டாம். சரிவான இடத்தில் வேரோடு பிடுங்காமல் அடியோடு மட்டும் வெட்டுங்கள். மழைக்கு மண் லயத்துப் பக்கம் இறங்கிவிடும்.