பார்லி எந்தத் தொட்டிக்குப் போகிறது: தீவனவியல் பயிலும் மாணவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாணவருக்கு,

தீவனவியல் நூல்கள் பார்லியைப் பற்றிப் பேசும்போது, அதன் புரதம், மாவுச்சத்து, நார்ச்சத்து ஆகியவற்றின் அளவுகளை ஓர் அட்டவணையில் தந்துவிட்டு அடுத்த தானியத்துக்குச் சென்றுவிடுகின்றன. அதை மட்டும் படிப்பவருக்கு, சத்து கூடிய தானியத்தை நாடுகள் விரும்பும், குறைந்ததைக் கைவிடும் என்று தோன்றுவது இயல்பு. உலகில் விளையும் பார்லியின் பெரும்பகுதி இன்றும் கால்நடைகளுக்கே செல்கிறது. ஆனால், எந்த நாட்டில் அது தீவனமாக நிலைக்கிறது, எந்த நாட்டில் மறைகிறது என்பதை மாட்டின் வயிற்றைவிடத் தட்பவெப்பமும் ரயில் கட்டணமும் சுங்கச் சட்டமுமே பெரிதும் முடிவு செய்துவந்துள்ளன.

முதலில் தானியத்தின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது. பார்லியில் ஏறத்தாழ 12 சதவீதம் புரதம் உண்டு. மக்காச்சோளத்தில் அது 9 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மாவுச்சத்தில் நிலைமை தலைகீழ்: மக்காச்சோளத்தில் சுமார் 70 சதவீதம், பார்லியில் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பார்லி மணியை ஒட்டியிருக்கும் உமி நார்ச்சத்தைக் கூட்டுவதோடு, மணி உடையாமலே மாட்டின் குடலைக் கடந்துபோகவும் இடம் தருவதால், மாடுகளுக்குக் கொடுப்பதற்கு முன் அதை உருளைகளுக்கு இடையே நசுக்குகிறார்கள். நன்றாக மென்று தின்னும் ஆடுகளுக்கு முழு மணியாகவே போடலாம். அதன் மாவுச்சத்து ரூமன் எனப்படும் முதல் இரைப்பையில் மிக விரைவாக நொதிப்பதால், அளவு மீறினாலோ திடீரென்று கொடுத்தாலோ அங்கே அமிலம் பெருகி மாடு தீனி எடுக்காமல் நின்றுவிடும். கோழிகளுக்கு வேறொரு சிக்கல்: பார்லியில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் பசைத்தன்மையுள்ள நார்ப்பொருள் செரிமானத்தைத் தடுத்து எச்சத்தை ஒட்டும்படி செய்கிறது; அதைச் சிதைக்கும் நொதியைத் தீவனத்தில் சேர்ப்பதே இதற்குக் கண்ட வழி. இவை எல்லாம் திறமையால் சமாளிக்கக்கூடிய குறைகள். ஒரு நாடு பார்லியைக் கைவிட இவை மட்டும் காரணமாக இருந்ததில்லை.

கனடாவின் மேற்குச் சமவெளியை எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டுப் பார்லியில் மிகப் பெரும்பகுதி ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் என்ற இரண்டு மாகாணங்களில் விளைகிறது. கோடை குறுகியதும் இரவுகள் குளிர்ந்ததுமான அந்த நிலத்தில் மக்காச்சோளம் முற்றுவதற்குப் போதிய வெப்பம் பெரும்பாலும் கிடைப்பதில்லை; பார்லியோ சுமார் மூன்று மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும். தெற்கு ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரைச் சுற்றி, மாடுகளை அடைத்துத் தானியம் ஊட்டிக் கொழுக்கவைக்கும் ஃபீட்லாட் என்ற பெரும் பண்ணைகள் பெருகியதற்கு இதுவே அடிப்படை. பார்லிப் பயிரைப் பச்சையாக வெட்டிக் காற்றுப் புகாமல் அழுத்திப் பதப்படுத்தும் ஊறுகாய்ப்புல்லும் அங்கே முதன்மையான தீவனம்.

ஆனால் நிலம் மட்டுமே அந்தப் பண்ணைகளை வளர்த்துவிடவில்லை. 1897-ல் கனடிய அரசும் கனடியன் பசிபிக் ரயில் நிறுவனமும் செய்துகொண்ட குரோஸ்நெஸ்ட் கணவாய் ஒப்பந்தத்தின்படி, தானியத்தைத் துறைமுகத்துக்கு ஏற்றிச்செல்லும் கட்டணம் குறைக்கப்பட்டது. அந்தச் சலுகை பல வடிவங்களில் தொடர்ந்து 1995-ல் நீக்கப்பட்டது. சலுகை இருந்தவரை கடல் கடந்து விற்பது லாபமாக இருந்ததால் உள்ளூரில் தானிய விலை உயர்ந்தே நின்றது. அது நீங்கியதும் துறைமுகம் வரையிலான முழுச் செலவும் விவசாயியின் தலையில் விழ, உள்ளூர் விலை இறங்கியது. தானியத்தை ஏற்றுமதி செய்வதைவிட அதை மாட்டுக்கு ஊட்டி இறைச்சியாக விற்பது ஆதாயமானது. தீவனத்தின் வரலாற்றை மாட்டுக் கொட்டிலில் மட்டும் தேடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. 2021-ல் கடும் வறட்சி தாக்கி, முந்தைய ஆண்டு ஒரு கோடி டன்னைத் தாண்டியிருந்த கனடாவின் பார்லி விளைச்சல் ஏறக்குறைய 70 லட்சம் டன்னாகச் சுருங்கியபோது, அதே பண்ணைகள் அமெரிக்க மக்காச்சோளத்தை ரயில் ரயிலாக வரவழைத்து மாடுகளைக் காப்பாற்றின. பார்லியே மேலானது என்ற பற்று பண்ணைகளிடம் இல்லை, விலைக் கணக்குதான் இருந்தது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் வீழ்ச்சி நிரந்தரமாகவே நிகழ்ந்தது. 1986-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம் ஏக்கரில் அறுவடையான பார்லி, 2024-ல் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கராகக் குறைந்தது. விரைவில் முற்றும் மக்காச்சோள இரகங்களும் சோயாவும் வடக்கு டகோட்டா வரை ஏறிவந்தன. எத்தனால் ஆலைகளில் மிஞ்சும் சக்கை மலிவான மாட்டுத் தீவனமாயிற்று. 1990-களில் கதிர்ப் பூஞ்சை நோய் அப்பகுதிப் பார்லி வயல்களை வாட்டியது. இன்று அங்கே மிஞ்சியிருக்கும் பார்லியில் பெரும்பங்கு, மணியை முளைக்கவைத்து உலர்த்தும் மால்ட் ஆலைகளுக்காக ஒப்பந்தத்தில் விளைவது. தரம் தவறியதே பெரும்பாலும் தீவனமாகிறது.

சீனாவில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. அந்நாடு குறைந்த வரியில் இறக்குமதி செய்ய அனுமதிக்கும் மக்காச்சோளத்துக்கு ஆண்டுக்கு 72 லட்சம் டன் என்ற வரம்பு உண்டு; பார்லிக்கு அத்தகைய வரம்பு இல்லை. அரசின் கொள்முதல் கொள்கையால் உள்நாட்டு மக்காச்சோள விலை உயர்ந்து நின்ற 2014, 2015 ஆண்டுகளில், தீவன ஆலைகள் வெளிநாட்டுப் பார்லியைப் பெருமளவில் வாங்கத் தொடங்கின. பின்னர் 2020 மே மாதத்தில் ஆஸ்திரேலியப் பார்லிக்குச் சீனா 80.5 சதவீத வரி விதித்தபோது, அந்தத் தானியம் சவூதி அரேபியா போன்ற வேறு சந்தைகளுக்குத் திரும்பியது. சவூதியில் பாலைவன மேய்ப்பர்கள் தங்கள் மந்தைகளுக்குப் பார்லியை நம்பியிருந்ததால், நீண்டகாலம் அந்நாடே உலகின் மிகப்பெரிய பார்லி இறக்குமதியாளராக விளங்கியது. சீனா அந்த வரியை 2023 ஆகஸ்டில் நீக்கியது.

இந்தியாவில் 1950-51-ல் 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்த பார்லி, பாசனமும் பசுமைப் புரட்சியும் கோதுமைக்குத் தந்த ஏற்றத்தால் இன்று 6 லட்சம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. இராஜஸ்தானும் உத்தரப்பிரதேசமும் அதன் முக்கிய விளைநிலங்கள். ஆயினும் இங்கே ஒரு நல்ல முயற்சி நடந்துவருகிறது. ஆர்டி 2035, ஆர்டி 2552 போன்ற இருபயன் இரகங்களை விதைத்து, 50 முதல் 55 நாள்களில் ஒருமுறை பசுந்தீவனமாக அறுத்து, பின்னர் நீரும் உரமும் கொடுத்துத் துளிர்க்கவிட்டால், அதே பயிர் தானியமும் தருகிறது. குளிர்காலத்தில் பசுந்தீவனம் அரிதாகும் வறண்ட மாவட்டங்களின் சிறு விவசாயிக்கு இது பெரும் உதவி. இம்முறைக்குக் கிடைத்துள்ள கவனம் அதன் தகுதிக்குப் போதாது.

எனவே தீவனக் கலவையைக் கணக்கிடப் பழகும் மாணவர், சத்து அட்டவணைக்குப் பக்கத்திலேயே தம் மாவட்டத்தின் மழையளவையும், அருகிலுள்ள சந்தையின் விலையையும், ஏற்றுகூலியையும், நடப்பு இறக்குமதி விதிகளையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

அன்புடன்.