மேடைக்கு வராத வேட்பாளர்



எங்கள் மின்னியல் துறை லேபில் டி.சி. ஷண்ட் மோட்டாருக்கு லோடு டெஸ்ட் செய்வோம். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். லோடு இல்லாமல் ஓடும்போது எல்லா மோட்டாரும் நல்ல மோட்டார்தான். பிரேக் டிரம்மில் பெல்ட்டை இறுக்கி, ஸ்பிரிங் பேலன்ஸில் எடை ஏற ஏறத்தான் அதன் யோக்கியதை தெரியும். கரண்ட் கூடும், வேகம் குறையும், டிரம் சூடாகும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். அந்த ரீடிங்கை வைத்துத்தான் எஃபிஷியன்ஸி கணக்குப் போடுகிறோம்.

தேர்தலில் நிற்கிறவருக்கு லோடு டெஸ்ட் எது? பொதுக்கூட்டம் இல்லை. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கைதட்டவே வந்தவர்கள். பக்கத்தில் எதிர் வேட்பாளர் நிற்க, பொதுவான ஒருவர் கேள்வி கேட்க, பதில் சொல்லியே தீர வேண்டிய விவாத மேடைதான் லோடு டெஸ்ட். அந்த டெஸ்ட்டுக்கு வராமலே பாஸ் ஆவது எப்படி, ஏன் வராமல் இருக்கிறார்கள், அதனால் நஷ்டம் யாருக்கு என்பதே இக்கட்டுரை. இதில் எனக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. அதையும் மறைக்காமல் பின்னால் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் இரண்டு நிமிஷம்

எனக்கு ஊர் சோழபுரம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல் ஆள். அம்மாவும் அப்பாவும் விசைத்தறியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறவர்கள்.

2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது ஒரு வேட்பாளர் திறந்த வண்டியில் எங்கள் ஊருக்கு வந்தார். தறியைப் பக்கத்து அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா ஓடி வந்தாள். கையில் ஆரத்தித் தட்டு இல்லை, மனசில் ஒரு கேள்வி இருந்தது. கூலி சம்பந்தப்பட்ட கேள்வி. வண்டி நின்றது இரண்டு நிமிஷம்தான். கும்பிட்டார், சின்னத்தைச் சொன்னார், போய்விட்டார்.

"கேக்கணும்னுதாய்யா வந்தேன். வாயத் தொறக்கமுன்ன வண்டி போயிருச்சு" என்றாள் அம்மா.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் தென்காசித் தொகுதியில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். ஒவ்வொரு ஊரிலும் நின்று பதில் சொல்ல எந்த வேட்பாளராலும் முடியாது. அதனால்தான் பொதுவான ஒரு விவாத மேடை தேவை என்கிறேன். எல்லா அம்மாக்களின் கேள்வியையும் ஒரே இடத்தில் ஒருவர் கேட்டுவிடலாம் அல்லவா?

விவாதம் நமக்குப் புதிதா?

இல்லவே இல்லை! மணிமேகலைக் காப்பியத்திலேயே பட்டிமண்டபம் என்ற சொல் வருகிறது. குன்றக்குடி அடிகளார் காலத்திலிருந்து கோயில் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் வைக்காத ஊர் தென்மாவட்டத்தில் குறைவு. 1943-இல் கம்பராமாயணம், பெரியபுராணம் பற்றி அறிஞர் அண்ணா, சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி.சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் ஒரே மேடையில் நேருக்கு நேர் வாதிட்டார். அவ்வளவு சூடான விஷயத்தையே எதிரெதிர்க் கருத்துடையவர்கள் ஒரே மேடையில் பேசித் தீர்க்கப் பார்த்த நாடு இது. கண்ணகியா மாதவியா என்று விடிய விடிய வாதாடுகிற நாம், நம்மை ஆள வருகிறவர்களை மட்டும் ஏன் ஒரே மேடையில் நிறுத்துவதில்லை?

2024: ஒரு கடிதம்

நிறுத்திப் பார்க்க ஒரு முயற்சி நடந்தது. 2024 மே 9 அன்று, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி மதன் பி.லோகூர், டெல்லி உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி ஏ.பி.ஷா, மூத்த பத்திரிகையாளர் என்.ராம் ஆகிய மூவரும் பிரதமர் நரேந்திர மோடிக்கும் ராகுல் காந்திக்கும் ஒரு பொதுக் கடிதம் எழுதினார்கள். இரு பக்கமும் குற்றச்சாட்டும் சவாலும்தான் கேட்கிறது, பதில் கேட்கவில்லை. எனவே கட்சி சாராத ஒரு மேடையில் இருவரும் விவாதிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இரண்டு நாள் கழித்து, தானோ காங்கிரஸ் தலைவர் கார்கேயோ வரத் தயார் என்று ராகுல் காந்தி பதில் எழுதினார். பா.ஜ.க. தரப்பில் அக்கட்சியின் இளைஞர் அணித் துணைத்தலைவர் அபினவ் பிரகாஷ் விவாதத்துக்கு வருவார் என்று அறிவித்தார்கள். ஜூன் 1-இல் கடைசிக் கட்ட வாக்குப்பதிவும் முடிந்தது. பிரதமரும் எதிர்த்தரப்புத் தலைவரும் சந்திக்கும் விவாதம் நடக்கவே இல்லை.

நழுவும் வழிகள்

படித்துப் பார்த்ததில், "விவாதத்துக்கு வரமாட்டேன்" என்று யாரும் நேராகச் சொல்வது அபூர்வம். நழுவும் வழிகளை இப்படிப் பிரிக்கலாம்:

1. நிபந்தனை போடுதல். 2021 தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலினை நேருக்கு நேர் விவாதத்துக்கு அழைத்தார். அவர் தயார் என்றார். நீதிமன்ற வழக்கு சம்பந்தமாகச் சில நிபந்தனைகளும் வைத்தார். சவால் ஒரு மேடையில், பதில் வேறு மேடையில். நாள், இடம், நடுவர் என்ற மூன்றும் கடைசி வரை முடிவாகவில்லை. சவால் விட்ட பக்கம், நிபந்தனை வைத்த பக்கம் இரண்டிலுமே பெரிய கைதட்டல்!

2. தேதி தள்ளுதல். இலங்கையில் 2024 செப்டம்பர் 21-இல் அதிபர் தேர்தல். அதற்கு முன்னால் மே, ஜூன் மாதங்களில் அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசாவும் விவாதிப்பதாகப் பேச்சு நடந்தது. இந்தத் தேதி, அந்தத் தேதி என்று மாறி மாறிச் சொன்னார்கள். கடைசியில் நடக்கவில்லை.

3. வேறு ஆளை அனுப்புதல். 2017-இல் பிரிட்டன் பிரதமர் தெரசா மே தொலைக்காட்சி விவாதத்துக்குத் தான் போகாமல் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட்டை அனுப்பினார். ஆட்சி போகாவிட்டாலும் அந்தத் தேர்தலில் அவர் கட்சி தனிப் பெரும்பான்மையை இழந்தது.

4. விதியைக் காட்டுதல். அமெரிக்காவில் 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதத்தைப் பல கோடிப் பேர் பார்த்தார்கள். ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் எல்லா வேட்பாளருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்ற விதியை அந்த ஒரு தேர்தலுக்காகத் தளர்த்தி வைத்திருந்தார்கள். அடுத்து 1964, 1968, 1972 மூன்று தேர்தலிலும் விவாதம் இல்லை. விதி ஒரு காரணம். முன்னணியில் இருந்தவர்களுக்கு விருப்பமில்லை என்பது பெரிய காரணம். 16 வருஷம் கழித்து 1976-இல்தான் மறுபடி மேடை போட்டார்கள்.

முந்துகிறவன் கணக்கு

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜெயிக்கிற நிலையில் இருப்பவருக்கு விவாதத்தால் கிடைப்பது கொஞ்சம், போவது நிறைய. தோற்கிற நிலையில் இருப்பவருக்கு அப்படியே தலைகீழ். ஆகவே பின்தங்கியவர் கூப்பிடுவார், முந்துகிறவர் நழுவுவார். கட்சி எதுவானாலும் நாடு எதுவானாலும் இதுதான் நடைமுறை. இன்று நழுவுகிறவரே நாளை பின்தங்கினால் முதல் ஆளாக மேடை கேட்பார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "வாய்ச்சாலகம் உள்ளவன் எல்லாம் நல்ல நிர்வாகி ஆகிவிடுவானா?" என்று கேட்பார்கள். நியாயம்தான். நம் நாட்டில் பிரதமரையோ முதல்வரையோ நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்பார்கள். அதுவும் சரி. ஒரு தொகுதியில் இருபது பேர் நின்றால் யார் யாரை மேடைக்குக் கூப்பிடுவது என்ற சிக்கலும் உண்டு. ஆனால் இவையெல்லாம் விவாதத்தை எப்படி நடத்துவது என்பதற்கான யோசனைகள். நடத்தாமல் விடுவதற்கு இவை காரணம் ஆகாது.

அர்ஜென்டினாவில் ஒரு வழி கண்டார்கள். 2015-இல் முன்னணியில் இருந்த டேனியல் சியோலி முதல் விவாதத்துக்கு வரவில்லை. அவருக்கான இடம் மேடையில் காலியாகவே இருந்தது. இரண்டாம் சுற்றில் அவர் தோற்றார். அடுத்த வருஷமே சட்டம் வந்தது: அதிபர் வேட்பாளர்கள் விவாதத்துக்கு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் தேர்தல் விளம்பரத்துக்கு அரசு ஒதுக்கும் ஒலி, ஒளிபரப்பு நேரம் பறிபோகும். மேடையில் அவர் இடமும் காலியாகவே காட்டப்படும். நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இல் இப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை.

நான் தள்ளிப்போட்ட கதை

இனி என் கதை. இந்த ஆண்டு பேரவைச் செயலாளர் தேர்தலில் நான் நின்றது உங்களுக்குத் தெரியும். "நூலகத்தை மாலை ஆறரை மணி வரை திறக்க வைப்பேன்" என்பதுதான் என் முக்கிய வாக்குறுதி. மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் இரண்டு வேட்பாளரையும் ஆடிட்டோரியத்தில் நிற்க வைத்து அரைமணி நேரம் கேள்வி கேட்கலாம் என்றார்கள். எதிர்த்து நின்ற நண்பர் உடனே சரி என்றார்.

நான் "இன்னைக்கு லேப் இருக்குண்ணே, நாளைக்கு வச்சுக்கலாம்" என்றேன். மறுநாள், மைக் சரியில்லை என்றேன். அதற்கு அடுத்த நாள் ஓட்டுப்பதிவு. அவ்வளவுதான்!

உண்மைக் காரணம் இரண்டு. ஒன்று, பயம். அவர் மேடையில் பிளந்து கட்டுவார். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு, என் நண்பர்கள் சொன்ன புத்தி: "நீதான்டா ஜெயிக்கப்போற. எதுக்கு மேடை ஏறி மாட்டிக்கிடணும்?" மேலே எழுதிய கணக்கை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே செய்து பார்த்துவிட்டேன். 31 ஓட்டில் ஜெயித்தேன்.

ஒரு வாரம் கழித்து முதலாண்டுத் தங்கை ஒருத்தி வராண்டாவில் என்னை நிறுத்தினாள். "அண்ணே, ஆறரை வரைக்கும் நூலகம் திறந்திருந்தா எங்க ஊர் பஸ்ஸுக்கு நாங்க எப்படிப் போறது? காலையில சீக்கிரம் திறக்கச் சொல்லலாம்ல?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், சாயங்காலம் சாவி யார் பொறுப்பில் இருக்கும் என்பதைக்கூட நான் விசாரித்திருக்கவில்லை. என் எதிர் வேட்பாளர் இதே கேள்வியை மேடையில் கேட்பதற்காக எழுதி வைத்திருந்தாராம். அன்று கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன், ஒருவேளை தோற்றும் இருப்பேன். ஆனால் நூலகத்துக்கு ஒரு நல்ல திட்டம் கிடைத்திருக்கும். நான் ஒதுங்கியது அவரிடமிருந்து என்று நினைத்தேன். உண்மையில் அந்தத் தங்கையின் கேள்வியிலிருந்துதான் ஒதுங்கியிருக்கிறேன். எங்க அம்மாவுக்கு முன்னால் நிற்காமல் போன வண்டிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நாம் செய்யக்கூடியவை

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர் தேர்தலுக்கு முன் தலைவர் பதவி வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் விவாதிக்கும் வழக்கம் உண்டு. மாணவர்களே அமைக்கும் தேர்தல் குழு அதை நடத்துகிறது. மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது. போஸ்டருக்குப் பதிலாகச் செலவில்லாத விளம்பரம் விவாத மேடைதானே!

நம் பேரவைக் கூட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் தீர்மானம் இது: கேள்வி நேரத்தின் தேதி, தேர்தல் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். அதை மாற்றும் உரிமை வேட்பாளருக்குக் கிடையாது. வராதவரின் நாற்காலி மேடையில் காலியாக இருக்கும், அவருக்கு வந்த கேள்விகள் உரக்க வாசிக்கப்படும். மேடைப் பேச்சு வராதவர்கள் பதிலைத் தாளில் எழுதி வந்து வாசிக்கலாம். கடைசி வரி என்னை மாதிரி ஆட்களுக்காகச் சேர்த்தது.

ஊருக்கும் இதையே செய்யலாம். ஒவ்வொரு வேட்பாளரும் மனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையம் இணையத்தில் வெளியிடுகிறது. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் உண்டு. அதைப் படித்தாலே பத்துக் கேள்வி கிடைக்கும். ஊருக்குப் பொதுவான ஓர் ஆசிரியர் நடுவராக இருந்தால் போதும்.

முடிவுரை

டி.சி. சீரீஸ் மோட்டாரை லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முதல் லேபிலேயே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி மோட்டாரே உடைந்துபோகும். கேள்வி என்ற லோடு இல்லாத பதவியும் அப்படித்தான்.

1949 முதல் 1952 வரை முதல்வராக இருந்த இராஜபாளையத்துக்காரர் பூ.ச.குமாரசாமி ராஜாவையே 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்கடித்த வாக்காளர்கள் நம் பக்கத்து ஆட்கள். யார் என்று பார்த்துப் பயந்தவர்கள் இல்லை. வராமல் இருப்பதால் ஓட்டுக் குறையும் என்று தெரிந்தால் எந்த வேட்பாளரும் மேடைக்கு வருவார். குறையாது என்று நாம்தான் அவர்களுக்குப் பழக்கிவிட்டோம்.

எனக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. அடுத்து வண்டி எங்கள் ஊருக்கு வரும்போது அம்மாவின் கேள்வியைத் தாளில் எழுதி, வண்டிக்கு முன்னால் நானே நிற்பேன். அதற்கு முன்னால், அந்தத் தங்கைக்கு நான் ஒரு பதில் பாக்கி. நூலகத்தைக் காலை எட்டு மணிக்குத் திறக்கக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட நீங்களும் வாருங்கள், போடுவதற்கு முன் கேள்வியும் கேளுங்கள். இந்த முறை தள்ளிப்போட மாட்டேன்.

— பேரவைச் செயலாளர்,
இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை