காதல் பறவைகளில் ஆண், பெண் அறிவது எப்படி?

பொதட்டூர்பேட்டை போன்று தறியும் உழவும் கலந்த ஊர்களில், திண்ணையில் கூண்டு வைத்துக் காதல் பறவை வளர்ப்போர் உண்டு. குஞ்சு விற்றால் கைச்செலவுக்கு ஆகும் என்பது எண்ணம். ஆனால் ஜோடி என்று வாங்கியவை இரண்டும் பெண்ணாக இருந்துவிட்டால் மாதக்கணக்கில் போட்ட தினையும் கம்பும் வீண். எனவே காசு கொடுக்கும் முன்பே இனம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கம் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைக்கப்படும் இச்சிறு கிளியின் பெயர் பட்ஜரிகர். தாயகம் ஆஸ்திரேலியா. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கக் கிளி. கீழ்க்காணும் அடையாளம் அதற்குப் பொருந்தாது.

அலகுக்கு மேல், மூக்குத் துவாரங்களைச் சுற்றி மெழுகு பூசியது போன்ற சதை இருக்கும். வளர்ந்த ஆணுக்கு இது பளிச்சென்ற நீலம். பெண்ணுக்குப் பழுப்பு, முட்டையிடும் பருவத்தில் கரும்பழுப்பாகிச் சொரசொரப்பாகவும் இருக்கும்.

ஏமாற்றம் நேர்வது இளம் பறவைகளில்தான். இளம் ஆணின் மூக்குச் சதை நீலமாக இராது. ஒரே சீரான இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறமாக இருக்கும். இளம் பெண்ணுக்கோ வெளிறிய நீலம்! நீலத்தைப் பார்த்தவுடன் ஆண் என்று எடுத்து வருபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். துவாரத்தைச் சுற்றி வெண்ணிற வளையம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வளையம் இருந்தால் பெண். முட்டையிடாத காலத்தில் வளர்ந்த பெண்ணுக்கும் பழுப்பு வெளிறி நீலம் கலந்து தோன்றுவதுண்டு.

சிவந்த கண்ணுடைய மஞ்சள், வெள்ளை வகைகளில் ஆணின் மூக்குச் சதை ஆயுள் முழுவதும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். இவ்வகையில் நீலத்தைத் தேடக்கூடாது. பெண்ணின் பழுப்பு மட்டும் மாறாது.

ஒன்றுக்கொன்று இரை ஊட்டுவதை வைத்து ஜோடி என்று முடிவு கட்டுவது சரியன்று. இரண்டு ஆண்களும் அவ்வாறு செய்யும். ஒரு பெண் பொதுவாக ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6 முட்டை இடும். ஒரே பானையில் எட்டு, பத்து முட்டை சேர்ந்து ஒன்றும் பொரிக்காவிட்டால் இரண்டும் பெண்ணாக இருக்கலாம்.

வயதும் முக்கியம். நெற்றியிலிருந்தே கருங்கோடுகள் ஓடினால் அது குஞ்சுப் பருவம். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி தெளியும். அதற்காக உடனே பானை கட்டிவிடக்கூடாது. பத்து மாதமாவது ஆகவேண்டும். முதிராத பெண்ணுக்கு முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போவதுண்டு. அடைகாப்பது பெண் மட்டுமே; சுமார் 18 நாளில் குஞ்சு பொரிக்கும். விசைத்தறி ஓடும் அறையில் கூண்டை வைக்காமலிருப்பது நல்லது. ஜோடிகளைவிடப் பானைகள் கூடுதலாக இருக்கட்டும். பானைக்காகப் பெண்கள் கடுமையாகச் சண்டையிடும். கூண்டில் கடல் நுரை ஒரு துண்டு எப்போதும் தொங்கவேண்டும்.

நீலமாக இருந்த ஆணின் மூக்குச் சதை பின்னர் பழுப்பாக மாறினால், அது விரையில் கட்டி தோன்றியதன் அறிகுறியாக இருக்கலாம். அப்பறவையை ஜோடி சேர்க்காமல் தனியே பிரித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.