நகம் உடைகிறதா? மாத்திரைக்கு முன் ரத்தத்தைப் பாருங்கள்!

துணி பிழியும்போது நகம் பொட்டென்று உடைகிறதா? உடனே மருந்துக் கடைக்குப் போய், "நகம் வலுவாக ஏதாவது குடுங்க" என்று கேட்டு விடாதீர்கள். பெரும்பாலும் பயோட்டின் மாத்திரைதான் கைக்கு வரும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பயோட்டின் குறைவது அபூர்வம்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் சுண்ணாம்புச்சத்து குறைவு என்பார்கள். அது பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்டதன் அடையாளம்தான். ஆனால் நகம் வெளுத்து, நடுவில் குழிந்து, ஸ்பூன் போல ஆனால் அசட்டையாக இருக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள்!

இந்த வெளுப்புக்கு இரும்பு கொடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் பக்கம், பாலாறு, செய்யாறு, வேகவதி கூடுமிடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் நடந்த 15 படுக்கை ஆதுலசாலையைச் சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் எல்லோருக்கும் நெல்லும் காசும் சம்பளம். அங்கே இருப்பு வைத்த மருந்துகளில் ஒன்றை மண்டூர வடகம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மண்டூரம் என்பது இரும்புக் கிட்டம். பாண்டு எனும் வெளுப்பு நோய்க்கு ஆயுர்வேதம் தருவது. (நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்!)

டாக்டரிடம் கேட்டு ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. முதலாவது சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருப்பது உண்டு. மாதவிலக்கில் அதிகம் போகிறதா, மூலம் இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். காரணம் அங்கேயே இருக்கலாம்.

சாப்பாட்டில் கீரை, பயறு. அசைவக்காரர்கள் ஈரல் சேர்க்கலாம் (கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டு). கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம்தான் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை நல்லது. ஓயாமல் சோப்புத் தண்ணீரில் ஊறினாலும் நகம் உடையும்.

பலன் உடனே தெரியாது. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாக மாற ஆறு மாதம் ஆகும்.

ஏற்கெனவே பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? ரத்தம் கொடுக்குமுன் டாக்டரிடமும் லேபிலும் சொல்லி விடுங்கள். அதிக அளவு பயோட்டின், தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தப்பாகக் காட்ட வைக்கும்.