ஊசி போடும் இடத்தில் நாய்க்கு என்ன வேலை?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. தைராய்டு குறைபாட்டுக்காகச் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கிறது. லேப் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடுவாள். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ரத்தம் எடுக்கிறார்கள். அடுத்த முறை ‘தெரபி நாய்’ கூட இருக்கட்டுமா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். மகளுக்கு ஒரே குஷி. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, “ஆஸ்பத்திரிக்குள்ள போய் நாயா? முடி, எச்சில், கிருமி எல்லாம் ஒட்டாதா?” என்கிறார். எனக்கு நாய் என்றாலே சின்ன வயதில் பயமுறுத்திய தொப்புள் ஊசிதான் ஞாபகம் வருகிறது. இதில் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை, சும்மா வேடிக்கையா?
- ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: பலன் உண்டு. ஆனால் எதற்குப் பலன் என்று தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். நாய் பயத்தைத் தணிக்கும். வலியை அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரின் மெயர் குழந்தைகள் மருத்துவமனையில், 4 முதல் 11 வயது வரையுள்ள 50 குழந்தைகளிடம் உங்கள் மகளுக்கு நடப்பதைப் போன்ற ரத்தப் பரிசோதனையையே வைத்து ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்குப் பக்கத்தில் நாய் இருந்தது, பாதிப் பேருக்கு இல்லை. நாய் இருந்தவர்களிடம் அழுகையும் பதற்றமும் தெளிவாகக் குறைந்தன. ‘எவ்வளவு வலித்தது?’ என்று கேட்டபோது மட்டும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெற்றோரின் பதற்றமும் குறையவில்லை. அதை நீங்களேதான் சமாளிக்க வேண்டும்!

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸின் ரைலி குழந்தைகள் மருத்துவமனை அவசரப் பிரிவில் நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. அதில் 80 குழந்தைகள். எல்லோருக்கும் ‘சைல்டு லைஃப் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பயிற்சி பெற்ற ஊழியரின் துணை இருந்தது. பாதிப் பேர் கூடுதலாக ஒரு நாயுடன் சுமார் 10 நிமிடம் இருந்தார்கள். பயம் நன்றாகக் குறைந்ததாகச் சொன்ன குழந்தைகள் நாய் இருந்த பக்கம் 46 சதவீதம், இல்லாத பக்கம் 23 சதவீதம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கணக்கு. கீட்டமைன், மிடாசோலம் போன்ற மயக்க, அமைதி மருந்துகள் நாய் இல்லாத பக்கம் 35 சதவீதக் குழந்தைகளுக்குத் தேவைப்பட்டன. நாய் இருந்த பக்கம் 18 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், என்றாலும் 10 நிமிடத்துக்கு இது நல்ல கூலி.

ஏன் இப்படி? குழந்தையின் பயம் ஊசியோடு ஆரம்பிப்பதில்லை. ஸ்பிரிட் வாசனையிலும், கையில் ரப்பர் பட்டை இறுகும்போதுமே ஏறிவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களில் ஒரு கை நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தால் கவனம் அங்கே போகிறது. இன்னொன்றும் உண்டு: நாய் இருக்கும் அறையில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கட்சி.

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. நியூயார்க்கின் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் பேசாத ஒரு சிறுவன் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸிடம் மட்டும் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து, 1960-களிலேயே இதைப் பற்றி எழுதினார். சக உளவியலாளர்களில் சிலர் சிரித்தார்கள்.

உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்வி. மருத்துவமனைகளுக்கான அமெரிக்கத் தொற்றுத்தடுப்பு வழிகாட்டுதலும் அதையேதான் கேட்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த நாய் வரக் கூடாது. பச்சை இறைச்சி தின்னும் நாயும் ஆகாது. தடுப்பூசிகள் எல்லாம் போட்டிருக்க வேண்டும், குளித்துத்தான் வர வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. நாயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் எல்லோரும் கை சுத்தம் செய்ய வேண்டும். படுக்கையில் ஏறினால் அடியில் தனி விரிப்பு வேண்டும். முகத்தை நக்க விடுவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், நாய்களைக் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவில் குளிப்பாட்டிக் கொண்டுவந்தால் குழந்தைகளுக்குக் கிருமி பரவுவது குறைகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். நாய் முடி ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், திறந்த புண் உள்ளவர்கள் ஆகியோருக்கு நாய் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கு அந்தத் தடைகள் எதுவும் இல்லை. ஆஸ்துமா இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

(அந்தத் தொப்புள் ஊசி இந்தியாவிலேயே 2000-களின் நடுவில் கைவிடப்பட்டுவிட்டது. நாய்க்கடிக்கு இப்போது கையில்தான் ஊசி. மாமியாரிடமும் சொல்லுங்கள்.)

அன்றைக்கு நாயோடு அதை வளர்ப்பவர் வருவார். பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். அவர் பிடியை விட மாட்டார். ஊசி போடும் கைக்கு எதிர்ப்பக்கம் நாயை நிறுத்துவார். அது கொட்டாவி விட்டபடி, உதட்டை நக்கியபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் களைத்துவிட்டது என்று பொருள்; அப்போது வெளியே கூட்டிப்போய்விடுவார். மகள் “இன்னும் கொஞ்ச நேரம்” என்று அழுதாலும் வற்புறுத்தாதீர்கள்.

நாய் வந்தாலும் வராவிட்டாலும் சில விஷயங்களை விட்டுவிடாதீர்கள். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான லிடோகைன்-பிரிலோகைன் களிம்பு வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும், அதனால் முன்னதாகவே போய்விடுங்கள். மகளைப் படுக்க வைத்து அமுக்க வேண்டாம். உங்கள் மடியில், நெஞ்சோடு சேர்த்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள். “வலிக்கவே வலிக்காது” என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை நீங்கள் சொல்வது எதையும் நம்ப மாட்டாள். அமுக்கிப் பிடித்து எடுப்பதற்குத்தான் நான் முதலில் தடை போடுவேன்.

நாய்க்குச் சம்மதம் சொல்லலாம். அன்று காலையில் மகளிடம் இன்னொரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். களிம்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.